பெரியப்பாவிடம் கேட்ட சீனக் கேள்வி: ஒரு குடும்பக் குழு உரையாடல்

கவின்: பெரியப்பா, ‘மேண்டேட் ஆஃப் ஹெவன்’ என்றால் என்ன? சீன வம்சங்கள் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அரசன் கடவுளின் பிரதிநிதி என்று எழுதினால் போதுமா?

பெரியப்பா: பாதி மதிப்பெண்தான் தருவேன். ஆள்வதற்கு விண் தரும் ஆணை என்பது சரி. தகுதி கெட்டால் அதே விண் அதைப் பறித்து வேறொருவனிடம் கொடுத்துவிடும். அதை விட்டுவிட்டு எழுதாதே.

அக்கா: ஐரோப்பாவில் அரசரின் தெய்வீக உரிமை என்றார்களே, அதுதானே இதுவும்?

பெரியப்பா: இல்லை அம்மா. அங்கே கொடுங்கோலனையும் எதிர்ப்பது பாவம் என்றார்கள். சீனத்தில் கொடுங்கோலன் என்றாலே ஆணை போய்விட்டது என்று பொருள். கி.மு. 1046 வாக்கில் சோவ் குலத்தார் ஷாங் மன்னனை வீழ்த்தினார்கள். அதுவரை அவனுக்கு அடங்கியிருந்தவர்கள். ஊருக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டுமே! ‘அவன் கெட்டழிந்தான், விண் எங்களிடம் தந்தது’ என்றார்கள்.

அத்தை: நன்றாக இருக்கிறது, அண்ணா. வென்றால் ஆணை இருந்தது, தோற்றால் இல்லை. இதில் விண்ணுக்கு என்ன வேலை?

பெரியப்பா: சீனர்களே அப்படித்தான் சொல்வார்கள்: வென்றவன் அரசன், தோற்றவன் கொள்ளைக்காரன். ஆனாலும் அரசர்களுக்கு உள்ளூர நடுக்கம் இருந்தது. வறட்சி, வெள்ளம், வால்நட்சத்திரம் எது வந்தாலும் ஆணை நழுவுகிறதோ என்று ஊர் பேசும். பேரரசர் தன்னையே குற்றம் சாட்டி அரசாணை வெளியிட்டு மன்னிப்புக் கேட்பார்.

அப்பா: மிங் வம்சத்துக் கதையைச் சொல்லுங்கள், அண்ணா.

பெரியப்பா: சொல்கிறேன். சூ யுவான்சாங், ஏழை உழவர் வீட்டுப் பையன். 1344இல் பஞ்சமும் கொள்ளைநோயும் தாயையும் தந்தையையும் அண்ணனையும் கொண்டுபோயின. சவப்பெட்டிக்கு வழியில்லை, கிழிந்த துணியில் சுற்றினார்கள். புதைக்கக்கூட நிலம் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துண்டு கொடுத்தார். பையன் புத்த மடத்தில் சேர்ந்தான், பிச்சை எடுத்தான், பிறகு கலகப் படையில் சேர்ந்தான். 1368இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசன்!

அக்கா: அப்படியென்றால் ஆணைக் கோட்பாட்டை அவன் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பான்.

பெரியப்பா: அதுதான் இல்லை. மென்சியஸ் என்ற பழைய அறிஞரிடம் ஓர் அரசர், ‘குடிமகன் மன்னனைக் கொல்லலாமா?’ என்று கேட்டார். ‘அறம் கெட்ட தனி ஆள் ஒருவன் கொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன், மன்னன் கொல்லப்பட்டதாகக் கேள்விப்படவில்லை’ என்று பதில் வந்தது. சூ யுவான்சாங்குக்கு இந்த மாதிரிப் பேச்சே ஆகவில்லை. 1394இல் மென்சியஸ் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டச் செய்தான்.

அத்தை: ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்திருக்கிறான்!

பெரியப்பா: வெட்டியும் பயனில்லை. அவன் மகன் யோங்லே ஆட்சியிலேயே முழு நூலும் திரும்ப வந்துவிட்டது. 1644இல் லி சிசெங் என்ற கலகக்காரன் பெய்ஜிங்கில் நுழைந்தான், அஞ்சல் நிலையத்தில் வேலை இழந்த ஆள். கடைசி மிங் பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கில் தொங்கினார். ‘அவருக்காகப் பழிவாங்க வந்தோம்’ என்று வடகிழக்கிலிருந்து மஞ்சு இனத்தார் கிளம்பி வந்தார்கள்.

அத்தை: வந்தவர்கள் திரும்பிப் போனார்களா?

பெரியப்பா: எங்கே போனார்கள்? ஆணை எங்களிடம் வந்துவிட்டது என்று 1912 வரை இருந்தார்கள். பிப்ரவரி 12 அன்று ஆறு வயதுப் பேரரசர் பூயியின் பெயரால் பதவி விலகல் அறிக்கை வந்தது. மக்கள் மனம் எங்கே சாய்கிறதோ அதைக் கொண்டே விண்ணின் ஆணையை அறியலாம் என்று அதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கவின்: இது பாடத்தில் இல்லையே, பெரியப்பா. எழுதலாமா?

பெரியப்பா: தாராளமாக எழுது. தேதியை மட்டும் விட்டுவிடாதே.