வின்ச்சுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

போடிநாயக்கனூர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். பிக்கப் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இங்கிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிற வண்டிகள் மழைக்காலத்தில் அச்சு வரை சேற்றில் இறங்கிவிடும். அதற்காக முன்பக்கம் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுத்தெடுக்கும் மின்சார வின்ச் மாட்டி, கூடவே ஒரு பெட்டியில் கப்பி, ஷேக்கிள் என்கிற இரும்புப் பூட்டு வளையம், மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை, நீண்டு சுருங்கும் நைலான் கயிறு, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகை எல்லாம் வைத்துத் தருகிறார்கள். படிக்கப்போகிற டிரைவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் சரளம்.

எனக்கு வேண்டியது இரண்டு. வின்ச்சுக்கு ஒரு சொல், அந்தப் பெட்டியில் இருக்கும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சொல். இப்போதைக்கு 'பாரமிழுப்பான்', 'மீட்புக் கருவிகள்' என்று போட்டிருக்கிறேன். இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை. மீட்பு என்றால் தீயணைப்பு வண்டிதான் கண் முன்னால் வருகிறது.

கோயம்புத்தூர், திங்கள் மாலை

தம்பி, இதற்கு எதற்குப் புதுச் சொல்? பழனி மலைக்குக் கயிறு இழுத்து ஏறும் வண்டியை ஜனங்கள் வின்ச் என்கிறார்கள், செய்தித்தாளில் இழுவை ரயில் என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையே எடுத்து 'இழுவைப்பொறி' என்று வைத்துவிடுங்கள். இரும்புக் கயிறு என்றால் கம்பிவடம். கப்பி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, கிணற்றடியிலும் இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். கயிறு சுற்றும் டிரம்மையும் கயிறு வெளியே வரும் வாயில் உள்ள ரோலரையும் 'உருளை' என்றே போட்டுவிடாதீர்கள். வின்ச்சின் முழு இழுவிசை டிரம்மின் முதல் அடுக்கில்தான் கிடைக்கும், அடுக்கு ஏற ஏறக் குறையும். அதே சமயம் கயிறு மொத்தத்தையும் அவிழ்த்துவிடவும் கூடாது, கம்பிவடம் என்றால் ஐந்து சுற்றாவது டிரம்மில் மிஞ்சி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 'உருளையில் ஐந்து சுற்று' என்று படிப்பவன் எந்த உருளையைப் பார்ப்பான்? நூல்கண்டு என்கிறோம் இல்லையா, அது மாதிரி டிரம்முக்கு 'வடக்கண்டு' என்று வைத்துப் பாருங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அன்பர்களே, இந்த நிலைமைக்கு ஔவையார் சொல் தந்துவிட்டுப் போயிருக்கிறார், நாம் பழனி அடிவாரத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். புறநானூறு 90: 'பண்டச் சாகாட்டு ஆழ்ச்சி சொலிய'. சரக்கு ஏற்றிய வண்டி, அச்சு தரையில் இடிக்கும் அளவுக்குப் புதைந்துவிட்டது. அந்த ஆழ்ச்சியைச் சொலித்து வண்டியை இழுத்துப் போகிறது பகடு, அதாவது காளை. போடி மலையில் நடப்பது இதே காட்சிதானே! சொலித்தல் என்றால் உரித்தல், பெயர்த்தல். தொலி, தோல் எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள் என்றே நான் நினைக்கிறேன். சேறு வண்டியைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது, அதை உரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இழுப்பது வேறு, சொலிப்பது வேறு. ஆகவே வின்ச் 'சொலிப்பான்', வேலை 'சொலிப்பு'.

பெட்டிக்கும் சொல் இருக்கிறது. புறம் 102-இல் உப்பு வணிகர்களான உமணர்கள் தங்கள் வண்டியின் கீழ்மரத்தில் ஒரு சேமஅச்சை, அதாவது மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஏன்? 'அவல் இழியினும் மிசை ஏறினும் அவணது அறியுநர் யார்' என்பதால். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, போகிற இடத்தில் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? சாலையை விட்டு விலகி ஓட்டுகிறவன் எதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறானோ, அதே காரணம். 'சேமக்கருவிகள்' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

சேமக்கருவிகள் அருமை, என் கை உயர்ந்துவிட்டது. ஆனால் ஐயா, சொலிப்பான் என்று சொன்னால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. இழுவைப்பொறியிலும் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இழுவை என்றதும் எங்கள் கரையில் நினைவுக்கு வருவது இழுவைமடி, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிற அந்த வலை. 2017-இல் இலங்கையில் சட்டம் போட்டே தடுத்த தொழில் அது. மீனவக் குடும்பங்களில் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். 'இழுபொறி' என்று இரண்டு எழுத்தைக் குறைத்தால் சொல்லும் சுருங்கும், அந்த வாடையும் போகும்.

சென்னை, புதன் காலை

எல்லோரும் வின்ச் ஆங்கிலச் சொல் என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். விஞ்சு என்ற வினை நம்மிடம் இருக்கிறதே! தன் பலத்துக்கு மிஞ்சிய பாரத்தை இழுப்பது விஞ்சு. வேர் இங்கேதான் என்பது என் துணிபு. விசை, வீச்சு, விஞ்சு எல்லாம் ஒரே குடும்பம்.

தஞ்சாவூர், புதன் மதியம்

இல்லை. அது பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல், வளைதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்று அவர்கள் அகராதியிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் நம்முடையது என்று எழுதினால் உண்மையில் நம்முடையதாக இருக்கும் சொல்லையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கடன் வாங்குவதானால் 'விஞ்சு' என்ற வடிவம் சரிதான். சகர மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, குற்றியலுகரம் சேர வேண்டும். வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் வழி காட்டினார், அதே முறை மற்ற மொழிச் சொல்லுக்கும் பொருந்தும்.

போடிநாயக்கனூர், வியாழன் இரவு

இன்று மாலை பட்டறையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் சொல்லுக்கு வர வேண்டும்.

மூத்த மெக்கானிக் அண்ணனிடம் வரைவைக் கொடுத்து, படித்தபடியே செய்து காட்டச் சொன்னேன். ஷேக்கிளுக்கும் ஹூக்குக்கும் சேர்த்து 'கொக்கி' என்றே போட்டிருந்தேன். 'பட்டையின் காதை வண்டியின் கொக்கியில் மாட்டவும்' என்று படித்தார். நேராகப் போய், டிரெய்லர் கட்டுவதற்காகப் பின்னால் இருக்கும் குண்டில் மாட்டினார். "இதுதானே தம்பி கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு?" என்றார். எனக்கு உடம்பு சில்லிட்டது. நைலான் கயிற்றைக் கட்டி வேகமாக இழுக்கும்போது அந்தக் குண்டு முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரிதான் பறக்கும். வெளிநாடுகளில் இதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்ட இடத்தில்தான் ஷேக்கிள் பூட்ட வேண்டும் என்பது அண்ணனுக்குத் தெரியாதா என்ன, அவர் இருபது வருடம் இந்த வேலை பார்க்கிறவர். நான் எழுதிய வரி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அதனால் ஷேக்கிளை ஷேக்கிள் என்றே விட்டுவிட்டேன். கிரேன்காரர், படகுக்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குண்டுக்குத் தனியாகப் படம் போட்டு, குறுக்கே கோடு அடித்து, 'இதில் மாட்டாதே' என்று எழுதியிருக்கிறேன். கப்பி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கப்பி போட்டா இழுவை ரெண்டு மடங்கு, ஆனா மெதுவா வரும், அவ்வளவுதானே" என்று அவரே சொல்லிவிட்டார். வடக்கண்டு என்றதற்கு மட்டும் யோசித்து, "டிரம்மா?" என்றார். படத்தில் இரண்டு பெயரையும் போட்டுவிட்டேன்.

தலைப்பு இப்படி: 'இழுபொறியும் சேமக்கருவிகளும்'. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தடவை 'வின்ச் எனப்படும் இழுபொறி'. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் இழுபொறிக்கு ஐந்து பேர், விஞ்சுக்கு இரண்டு பேர், சொலிப்பானுக்கு ஒருவர். காலையில் அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

கோயம்புத்தூர், வெள்ளி காலை

சரி, அனுப்புங்கள். வின்ச் வேலை செய்யும்போது கயிற்றின் மேல் கனமான சாக்கு ஒன்றைப் போடச் சொல்லும் வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அறுந்தால் கயிறு எகிறும் வேகத்தை அதுதான் குறைக்கும்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், சேமக்கருவிகள் அச்சில் ஏறியதில் மனம் நிறைந்தது. ஆனால் இழுபொறி என்பது தேர் இழுக்கிற பொறிக்கும் பொருந்தும், தறிகெட்ட மாட்டை இழுக்கிற பொறிக்கும் பொருந்தும். சேற்றில் ஆழ்ந்த வண்டியை எடுப்பது என்ற அந்த ஒரு வேலை இந்தச் சொல்லில் இல்லை. கையேடு இரண்டாம் பதிப்பு வரும்போது, உள்ளே ஏதாவது ஒரு வரியில், 'சேற்றிலிருந்து சொலித்து எடுக்க' என்று வினையாக மட்டுமாவது எழுதிப் பாருங்கள். அதை அந்த மெக்கானிக் தம்பியிடம் படிக்கக் கொடுத்து, அவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.