ஜமக்காளம், கார்பெட் வாங்கப் போன இடத்துல நடந்தது, இன்னும் மனசுல நிக்கிறது: சொல்லுங்க

மஞ்சக்காட்டான்: கண்காட்சி ஸ்டால். பவானி ஜமக்காளம்னு சொல்லி சிவப்பு பச்சை கோடு போட்டதை விரிச்சான். பக்கத்துல நின்ன பெரியவர் ஓரத்தைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால கரையை நெருடிப் பாத்தார். அப்புறம் ஸ்டால்காரனை ஒரு பார்வை. பேசாம போயிட்டார். நான் கேக்காமலே 700 ரூபா குறைச்சான்! வாங்கலை. அவர் அந்தக் கரையில என்னத்தைப் பாத்தார்?

கருங்கல்தரை: எனக்கு கம்பளி கார்பெட். "கையால செஞ்சது மேடம்." சோபாவை நகர்த்திச் சுருட்டினா கறுப்பு கிரானைட் முழுக்க மாவு சலிச்ச மாதிரி பொடி, ரப்பர் வாடை. போட்டோ காட்டினா, "கையாலதானே மேடம் செஞ்சது"ங்கறான் மறுபடி. மாமியார் வேற, "இதுக்குக் கோரைப்பாயே தேவலாம்"னாங்க.

தறிக்குழி: எங்கப்பா பவானியில குழித்தறி நெசவாளிங்க, குழியில கால் தொங்கவிட்டு நெய்யறது. அகல ஜமக்காளத்துக்கு ரெண்டு பேர் ஒட்டி உக்காரணும், ஒருத்தர் தள்ற நாடாவை, அதான் குறுக்கு நூலைக் கொண்டுபோற கட்டையை, இன்னொருத்தர் வாங்கணும்.

மஞ்சக்காட்டான் அண்ணா, குறுக்கே ஓடுற ஊடை நூல் கரையில மடங்கித் திரும்புதா, வெட்டுப்பட்டிருக்கான்னு பாத்திருப்பார். அதை மட்டும் நம்பாதீங்க, நாடா ஓடுற விசைத்தறியிலயும் மடங்கும். 1985 சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்குன்னே ஒதுக்கினது, புவிசார் குறியீடும் இருக்கு, ஆனாலும் விசைத்தறி சரக்கு பவானி பேர்ல ஓடுது. கைத்தறி முத்திரை கேளுங்க. மிதிபடுற ஹாலுக்குப் பருத்திக் கோடு போட்டது. செயற்கைப் பட்டுல பார்டர் வெச்சது விருந்தாளி வந்தா விரிக்க.

கருங்கல்தரை அக்கா, உங்களது டஃப்டட். துணியில துப்பாக்கி மாதிரி கருவியால நூலைக் குத்தி, பின்னாடி லேட்டக்ஸ் பசை தடவி, மேல ஒரு துணி ஒட்டுவாங்க. பசை நாளாகிக் காஞ்சா பொடியாகும். கையால செஞ்சதுங்கறது பொய்யில்ல, அதான் வயித்தெரிச்சல். திருப்பிப் பாருங்க: பின்னாடியும் டிசைன் முடிச்சு முடிச்சா தெரிஞ்சா முடிச்சுக் கம்பளம், துணி மூடியிருந்தா இதுதான். குஞ்சம், நீளவாக்கில ஓடுற பாவு நூலோட நீட்சியா இருக்கணும், தைச்சு ஒட்டினதா இருக்கக் கூடாது. அளவுக்கு, தரையில நியூஸ்பேப்பர் விரிச்சுப் பாருங்க. சோபாவோட முன்கால் ரெண்டுமாவது அது மேல ஏறணும்...

கருங்கல்தரை: அளவு யார் தம்பி கேட்டா? கிரானைட்ல ஒட்டிக்கிட்டது போக வழி சொல்லுங்க.

வாசப்படி: கோரைப்பாய்னா இளக்காரமா? பத்தமடையில ஒரு அம்மா, கோரையில நெஞ்ச பட்டுப்பாயை என் கண்ணு முன்னாடி துணி மாதிரி நாலா மடிச்சுக் கையில குடுத்தாங்க. ஒரு கீத்து ஒடியலை. விலையைக் கேட்டுட்டு, உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க.