பாம்பு விஷம் எடுக்க தனி ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

ஏரிக்கரைக்காரன்:
மதுராந்தகம் பக்கம் எங்க ஊர். வீட்டுக்குள்ள பாம்பு வந்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க, பிடிச்சு ஏரிக்கரையில விட்டுடுவேன். இப்போ ஒருத்தர் வந்து, "விஷம் எடுத்துக் கொடு, நல்ல ரேட். பாம்பு பிடிக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருக்கிற மாதிரி லைசென்ஸ் நான் வாங்கித் தரேன்"னு பின்னாடியே சுத்துறார். அப்படி வாங்க முடியுமா? எங்க மனு போடணும்?

காஞ்சி வக்கீல்:
அந்த ஆள் சகவாசமே வேணாம். 1972 வனவிலங்குச் சட்டத்துல 12வது பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்க அனுமதி தரலாம்னு சொல்லுது, வாஸ்தவம். ஆனா 2022 திருத்தத்துல நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அதிகபட்சப் பாதுகாப்பு இருக்கிற முதல் அட்டவணைக்குப் போயிடுச்சு. மத்திய அரசு முன்அனுமதி இல்லாம யாரும் பெர்மிட் தர முடியாது. சட்டப்படி பிடிக்கிறதும் வேட்டைதான். 3 முதல் 7 வருஷம் உள்ள, அபராதம் குறைஞ்சது 25,000.

வடநெம்மேலி பையன்:
எங்கப்பா சங்கத்து மெம்பர், அதனால சொல்றேன். பாம்புத்தோல் வியாபாரம் நின்னு எங்காளுங்க பொழப்பு போன பிறகு 1978ல ஆரம்பிச்ச சங்கம் இது. லைசென்ஸ் சங்கத்து பேர்லதான் வரும், அப்பா பேர்ல கிடையாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலுதான். எது எத்தனைன்னு கணக்கும் அதுலயே இருக்கும்.

பிடிச்சுட்டு வந்ததை மண்பானையில போட்டு வாயில துணி கட்டி வைப்பாங்க. வாரத்துக்கு ஒரு தரம், மொத்தம் நாலு தரம் விஷம் எடுப்பாங்க. விடுறதுக்கு முன்னாடி அடிவயித்துச் செதிலை லேசா நறுக்கி விடுவாங்க. அந்த அடையாளத்தோட மறுபடி கொண்டு போனா சங்கத்துல எடுக்க மாட்டாங்க. சட்டை உரிக்க உரிக்க அது மறைஞ்சிடும்.

பாம்பு பிடிக்க அரசு உத்தரவு வர லேட்டாகிற வருஷம் அப்பா கடப்பாரையோட எலி பிடிக்கப் போவாரு. வளையை வெட்டுறப்போ உள்ள கட்டுவிரியன் சுருண்டு கிடக்கும். ஒரு கை மண்ணைத் தள்ளி மூடிட்டு அடுத்த வரப்புக்குப் போயிடுவாரு. அது காசுன்னு அவருக்குத் தெரியாதா என்ன? ஃப்ளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கப் போயி, 2023ல பத்மஸ்ரீயும் வாங்கின வடிவேல் கோபால், மாசி சடையனுக்கும் இங்க இதே கதைதான்.

சங்கத்து விஷம் தூளாக்கி விஷமுறிவு மருந்து செய்யிற கம்பெனிக்குப் போகும். உங்களைச் சுத்துறவர் எந்தக் கம்பெனிக்குன்னு வாயைத் திறந்தாரா? லைசென்ஸ் தாள் எந்தக் கலர்னுகூட அவருக்குத் தெரியாது, எழுதி வச்சுக்கோங்க.

ஏரிக்கரைக்காரன்:
கேட்டேன், "அதெல்லாம் உனக்கெதுக்கு"ன்னுட்டார். நம்பரை பிளாக் பண்ணியாச்சு. சரி, வீடுகள்ல பிடிச்சு விடுறேனே, அதுவும் தப்பா?

காஞ்சி வக்கீல்:
நல்லெண்ணம்னு கேஸ் போடாம விடுவாங்கன்னு நம்பாதீங்க. உங்க ரேஞ்சர் ஆபீஸ்ல போய் பேரைச் சொல்லி, அவங்களுக்குத் தெரிஞ்சு செய்யுங்க. ராத்திரி வீட்ல வச்சிருந்து காலைல விடுற வேலையும் வேணாம்.

வடநெம்மேலி பையன்:
பாம்போட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதையும் நிறுத்துங்கண்ணே. அப்புறம், சுருட்டை சின்னதா இருக்கேன்னு வெறுங்கையால தொட்டுடாதீங்க.