எந்த ஆப்பிளைக் கடிக்கலாம், எதை அடுப்பில் ஏற்றலாம்? ரகம் பார்த்து வாங்குபவர்கள் சொல்லுங்கள்

பழமண்டி:
சிம்லா ஆப்பிள், காஷ்மீர் ஆப்பிள், வாஷிங்டன் ஆப்பிள் என்று தள்ளுவண்டியில் கூவுவதெல்லாம் ஊர்ப்பெயர். ரகம் என்று பார்த்தால் மூன்றும் பெரும்பாலும் ரெட் டெலிஷியஸ் வழிதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்பவர் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் அது. 1916 வாக்கில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் அதை இமாசலத்தின் கோட்கர் மலைக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த ராயல் டெலிஷியஸ்தான் நம் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருவது.

ஊரைவிட முக்கியம் பறித்த காலம். இமாசலப் பழம் ஜூலைக் கடைசியில் தொடங்கும், காஷ்மீர்ப் பழம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் குளிர்பதனக் கிடங்கிலிருந்து. மார்ச், ஏப்ரலில் உள்ளூர் டெலிஷியஸ் வெளியே செக்கச்செவேல், உள்ளே மாவு. அந்த மாதங்களில் நியூசிலாந்திலிருந்து வரும் காலா ரகம் வாங்குங்கள். அங்கே அப்போதுதான் அறுவடை முடிந்திருக்கும்.

சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். காம்புக் குழியைச் சுற்றியும் அடிப்பக்கமும் சிவப்பு ஏறாத இடம் இருக்கும், அதைப் பாருங்கள். வெளிர்பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் மொறுமொறுப்பு நிச்சயம். முழு மஞ்சளாகியிருந்தால் பழம் தளர்ந்துவிட்டது. ஒரே அளவுப் பழம் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நாலிலக்க எண் இருந்தால் கடைக்காரரிடம் ரகம் கேட்கவே வேண்டாம்: 4016 பெரிய ரெட் டெலிஷியஸ், 4017 பெரிய கிரானி ஸ்மித், 4131 பெரிய ஃபூஜி, 4135 பெரிய காலா. முன்னால் 9 சேர்த்து ஐந்திலக்கமாக இருந்தால் ஆர்கானிக்.

அடுமனை:
அண்ணன் சொன்ன ரெட் டெலிஷியஸை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெறும் வாயில் தின்ன மட்டும் அது. புளிப்பு குறைவு என்பதால் வெந்ததும் ருசி காணாமல் போகும், தோலோ வேகாத காகிதம்போல் தனியாகக் கழன்று நிற்கும்.

ஆப்பிள் பை (மேலும் கீழும் மாவு வைத்து, நடுவில் பழம் நிரப்பி ஓவனில் சுடுவது) செய்யப் பச்சைநிற கிரானி ஸ்மித் இரண்டு பங்கு, கோல்டன் டெலிஷியஸ் ஒரு பங்கு. பெயரில் டெலிஷியஸ் இருந்தாலும் கோல்டனுக்கும் ரெட்டுக்கும் உறவு இல்லை. இது மேற்கு வர்ஜீனியாவில் தனியாகக் கிடைத்த மரம். கிரானி புளிப்பு தரும், கோல்டன் வாசனை தரும், இரண்டுமே துண்டு கலையாமல் நிற்கும்.

23 செ.மீ. தட்டுக்குத் தோல் சீவி விதைக்கூடு நீக்கிய துண்டுகள் 1 கிலோ, 6 மி.மீ. கனத்தில். சர்க்கரை 120 கிராம், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 1 தேக்கரண்டி சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். ஊறி இறங்கும் சாற்றை வடித்துச் சின்னப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியபின் 2 மேசைக்கரண்டி சோளமாவோடு (கார்ன்ஃப்ளார்) பழத்தில் திரும்பக் கலக்கவும். இதை விட்டுவிட்டால் அடிமாவு நனைந்து பச்சையாகவே இருக்கும். 200 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180-இல் 40 நிமிடம். நடுவில் சாறு கொதித்துக் குமிழி கெட்டியாக வர வேண்டும். மெல்லிய நுரைதான் வருகிறது என்றால் மாவு இன்னும் வேகவில்லை.

மேல்மாவு கூரைபோல் நிற்க, கீழே பழம் அமுங்கிப் பள்ளம் விழுகிறதா? துண்டுகளை முதலில் வாணலியில் மிதமான சூட்டில், கொதிக்கவிடாமல், 70 டிகிரி அளவில் பத்து நிமிடம் பிரட்டி ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில் பழத்தின் பெக்டின், அதாவது சதையைப் பிடித்து நிறுத்தும் பசை, இறுகிக்கொள்ளும், அப்புறம் ஓவனில் எவ்வளவு வெந்தாலும் குழையாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இந்தப் பலன் கிடைக்காது.

லண்டன் சமையல்:
குழைவதற்கென்றே ஒரு ரகம் இங்கே உண்டு, பிராம்லி. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809-இல் போட்ட விதையிலிருந்து வந்தது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும். அடுப்பில் வைத்துப் பத்து நிமிடத்தில் தானே உடைந்து நுரைத்த கூழாகிவிடும், மத்துகூடத் தேவையில்லை. அதனால் துண்டு துண்டாகத் தெரிய வேண்டிய எதற்கும் இது ஆகாது.

மாங்காய்ப் பச்சடிக்கு நல்ல மாற்று. பிராம்லி 1 (சுமார் 250 கிராம்), வெல்லம் 100 கிராம், தண்ணீர் கால் டம்ளர் போதும். வெல்லத்தை முதலிலேயே போட்டால் பழம் குழையத் தாமதமாகும். பழம் உடைந்தபின் போடுங்கள். கடுகு, காய்ந்த மிளகாய், வேப்பம்பூ தாளிப்பு எப்போதும்போல. பருப்பில் போடுவதானால் துவரம்பருப்பு வெந்தபிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில். முன்னாலேயே போட்டால் புளிப்பு ஏறிப் பருப்பு வேக மறுக்கும்.

காரசாரம்:
நம் ஊரில் பிராம்லி கிடைக்காது, கிரானி ஸ்மித்தில் தொக்கு போடலாம். தோலோடு துருவியது 500 கிராம், நல்லெண்ணெய் 75 மி.லி., மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் அரை, வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் தேக்கரண்டி, பெருங்காயம். எண்ணெயில் கடுகு வெடித்ததும் துருவலைப் போட்டு, மூடாமல் கிளறுங்கள். இந்தப் பழத்தில் தண்ணீர் அதிகம், அது வற்ற 12–15 நிமிடம் ஆகும். அப்புறம்தான் மிளகாய்த்தூள். முன்னால் போட்டால் தூள் தண்ணீரில் வெந்து பச்சை வாசனை அடிக்கும். ஓரத்தில் எண்ணெய் கசிந்து, கரண்டியில் எடுத்தால் திரண்டு வரும்போது இறக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: மாங்காய் அளவுக்குப் புளிப்பு இதில் இல்லை. மாங்காய்த் தொக்கை நினைத்துக்கொண்டு வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் காலி செய்யுங்கள்.

ஸ்ரீநகர் ரசிகை:
புளிப்பு ஆப்பிளைக் காரமாகச் சமைப்பது காஷ்மீரில் பழைய வழக்கம். கத்தரிக்காயோடு சேர்த்துச் செய்யும் "சூன்ட் வாங்குன்" அங்கே வீட்டுச் சமையல். நீளக் கத்தரிக்காய் 300 கிராம், பச்சைப் புளிப்பு ஆப்பிள் 300 கிராம். இரண்டையும் நீளவாக்கில் நாலாக வெட்டி, ஆப்பிளின் தோலைச் சீவாமல் விதையை மட்டும் எடுத்துவிடவும். கடுகெண்ணெயைப் புகைய விட்டு, தணித்து, தனித்தனியாகப் பொன்னிறமாகப் பொரிக்கணும். சேர்த்துப் போட்டால் ஆப்பிள் குழைந்துவிடும். அதே எண்ணெயில் கொஞ்சம் வைத்துப் பெருங்காயம், காஷ்மீர் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, சோம்புத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஒரு டம்ளர். கொதித்ததும் பொரித்ததைப் போட்டு எட்டு நிமிடம். கரண்டியால் கிண்டக் கூடாது, பாத்திரத்தைக் குலுக்கிவிடுங்கள்.

அம்ப்ரி கிடைத்தால் மட்டும் சமைக்காதீர்கள் அக்கா. காஷ்மீரின் சொந்த ரகம், வாசனைக்காகவே வைத்துச் சாப்பிடுவது.

பழமண்டி:
அம்ப்ரியைத் தமிழ்நாட்டு மண்டியில் தேடுவது வீண்.

பால்பாயசம்:
ரெட் டெலிஷியஸை இப்படி ஒதுக்கத் தேவையில்லை. பாயசத்துக்கு அதுவும் காலாவும்தான் சரி, புளிப்பு குறைந்த பழம் என்பதால் பால் திரியும் பயம் குறைவு. கிரானியைப் போட்டால் திரிந்தே தீரும். தோல் சீவித் துருவிய ஆப்பிள் 1 கப், நெய் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி: தண்ணீர் சுண்டி அல்வாப் பதத்துக்கு வரும்வரை வதக்கி முழுக்க ஆறவிடவும். 1 லிட்டர் பாலை 600 மி.லி.-க்குச் சுண்டவைத்து, அதுவும் ஆறினபிறகு கலக்கணும். இரண்டில் ஒன்று சூடாக இருந்தாலும் திரிதிரியாகிவிடும். கலந்தபின் மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள்.

டிபன் பாக்ஸ்:
நறுக்கினதும் கறுப்பது எல்லா ரகத்திலும் ஒரே வேகம் இல்லை. டெலிஷியஸ் சீக்கிரம் கறுக்கும். பள்ளிக்குக் கொடுத்துவிட ஃபூஜி அல்லது காலா எடுத்து, 1 லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி உப்புக் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் போட்டு, ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து மூடுங்கள். அலசினால் உப்பு தெரியாது. ஈரத்தோடு மூடினால் மதியத்துக்குள் கொழகொழ.

ஃபூஜியை வெட்டும்போது விதைக்கூட்டைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி தெரிகிறதே, கெட்டதா?

பழமண்டி:
கெடவில்லை. நன்றாகப் பழுத்த பழத்தில் சார்பிட்டால் என்ற சர்க்கரைச் சாறு சதைக்குள் தேங்கி நிற்பது அது. ஜப்பானில் அதற்காகவே தேடி வாங்குவார்கள். ஆனால் அந்தப் பழம் நாள் தாங்காது, உள்ளேயே பழுப்பேறும். ஒரு பழத்தில் அப்படித் தெரிந்தால் பெட்டியில் மிச்சத்தையும் ஃபிரிட்ஜில் வைத்து முதலில் அதைத் தின்று தீர்த்துவிடுங்கள். தோலில் குழிகுழியாகப் பழுப்புப் புள்ளியும் அதன் கீழே தக்கைபோல் கசப்பும் இருந்தால் அது வேறு, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அந்த இடத்தைச் சீவி எறிந்துவிட்டு மற்றதைத் தின்னலாம்.