பின் மட்கார்டு: ஒரு சொல்லா, இரண்டா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பாணி மோட்டார் சைக்கிளின் பின் மட்கார்டைப் பிடித்து நிறுத்தும் அமைப்புக்குச் 'சேற்றுக்காப்புத் தாங்கி' என்ற சொல் நம் கலைச்சொற் பட்டியலுக்கு முன்மொழியப்பட்டிருக்கிறது. 'சேற்றுக்காப்பு' நல்ல சொல். தலவாக்கலையிலும் விளங்கும், தஞ்சாவூரிலும் விளங்கும். 'தாங்கி'தான் எனக்கு இடிக்கிறது. இலங்கையில் நாங்கள் நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி என்று எழுதிப் பழகியவர்கள். மோட்டார் சைக்கிள் பற்றிய குறிப்பில் 'தாங்கி' என்று கண்டால் எங்கள் கண் நேரே பெற்றோல் இருக்கும் இடத்துக்குத்தான் போகும்.

இதை மாற்றுவது எளிது. 'ஏந்து' என்ற வினையை எடுத்துக்கொண்டால் ஏந்துகம்பி, ஏந்துபட்டை என்று துணைப் பாகங்களுக்கும் பெயர் கிடைத்துவிடும். ஆனால் என் முதன்மையான ஆட்சேபம் வேறு. மட்கார்டைப் பூட்ட அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன: வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பூட்டுவது ஒன்று, பின் சில்லைப் (சக்கரத்தைப்) பிடித்தபடி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மில் பூட்டுவது மற்றது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அதைப் படித்துவிட்டு வேலையில் இறங்குகிறவர் தகரத்தைப் பாழாக்குவார்.

ஆதியில் இந்தச் சிக்கல் இல்லை. பின் சில்லு சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருந்த காலத்தில் மட்கார்டை டயரை ஒட்டியே வைக்க முடிந்தது. ரோயல் என்ஃபீல்ட் புல்லட் 1949 இல் ஸ்விங் ஆர்முடன் விற்பனைக்கு வந்தது. இந்த அமைப்பு பரவப் பரவ, சில்லு எழும்பி இறங்க இடம்விட்டு மட்கார்டும் மேலே விலகியது. இன்று வண்டியைப் பழைய தோற்றத்துக்கு மாற்ற விரும்புவோர் பலர் கேட்பது அந்த ஒட்டிய தோற்றத்தைத்தான். சஸ்பென்ஷனும் வேண்டும், நெருக்கமும் வேண்டும்.

2021 இல் புதுவடிவில் வந்த ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பின் சஸ்பென்ஷன் 90 மி.மீ. அசையும். சட்டத்தில் பூட்டிய மட்கார்டை அழகுக்காக டயருக்கு மேல் இரண்டு விரற்கடை இடைவெளி வரை இறக்கினால், தனியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கல் ரோட்டில் இறங்கிய பிறகு மட்கார்டைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பெயின்ற் உரிந்து, தகரம் பிறை வடிவில் பளபளக்கும். டயர் தேய்த்த இடம் அது. தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையில், மே முதல் செப்டெம்பர் வரை, துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். அதனால் வெட்டுவதற்கு முன்பே இரண்டு ஷொக் அப்சோபர்களின் சுருள்களையும் கழற்றிவிட்டு, சுருள் இல்லாத அப்சோபர்களை மட்டும் மீண்டும் பூட்டி, சில்லை மேலே முட்டும்வரை தூக்கி இடைவெளியை அளக்க வேண்டும். செயினை இறுக்கும்போது சில்லு பின்னால் நகரும் என்பதால் அந்தப் பக்கமும் இடம் விட வேண்டும்.

மட்கார்டை ஸ்விங் ஆர்மில் பூட்டினால் இந்தக் கணக்கெல்லாம் வேறு. மட்கார்டு சில்லோடு சேர்ந்தே எழும்பி இறங்குவதால் டயரோடு உள்ள இடைவெளி மாறாது. 2016 இல் அறிமுகமான ட்ரையம்ப் பொபரின் பின் மட்கார்டு இப்படித்தான் நிற்கிறது. ஆனால் ரோட்டின் ஒவ்வொரு அடியும் ஷொக்கில் தணியாமல் தகரத்துக்கு நேரே வரும். வெல்டிங் முடியும் விளிம்பில் தலைமயிர் அகலத்துக்கு ஒரு கீறல் விழும். கவனியாமல் விட்டால் அது ஏந்துபட்டை முழுவதும் ஓடிவிடும். போல்டுகளுக்கு ரப்பர் புஷ், அதற்குள் இரும்புக் குழல், அகன்ற வாசர் மூன்றும் வேண்டும். பின் விளக்கின் வயர், ஸ்விங் ஆர்ம் திரும்பும் இடத்தில் தளர்வாகச் செல்ல வேண்டும். இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும். சுருள்களுக்குக் கீழே சில்லோடு சேர்ந்து அசையும் திணிவும் கூடுகிறது. ஆகவே கனமான தகரம் இதற்கு ஆகாது. மட்கார்டின் மேல் ஆளை ஏற்றும் எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு இதுதான். சட்டத்தில் நிற்பது 'சட்டமேந்து காப்பு'. கவட்டை (கவை) போன்ற ஸ்விங் ஆர்மில் நிற்பது 'கவையேந்து காப்பு'. இரண்டும் வினைத்தொகை. ஏந்துவது எது என்பது பெயரிலேயே இருக்கிறது. அது தெரிந்தால் இடைவெளியை எப்படி அளப்பது, எந்தத் தகரத்தை எடுப்பது என்பதெல்லாம் வேலை தெரிந்தவருக்கு விளங்கிவிடும். சட்டம் என்ற சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று ஒருவர் சொல்லக்கூடும். ஜன்னல் சட்டம் என்று சொல்கிறோமே, யாரும் மயங்குவதில்லை.

ஸ்விங் ஆர்முக்குத் தனியே 'ஆடுகவை' என்று வைக்கலாம் என நினைக்கிறேன். கவட்டை வடிவில் இருந்து ஆடுவது என்பதால் அது பொருந்துகிறது. 'ஆடுதசை' என்று உடலியலில் ஏற்கெனவே புழங்கும் சொல்லின் அமைப்பும் அதுவே. 'ஊசற்புயம்' என்று முன்பு எழுதிய நண்பர், இரு கை உள்ள ஸ்விங் ஆர்முக்கும் ஒரு கை உள்ளதற்கும் அது ஒருசேரப் பொருந்தும் என்று வாதிட்டிருந்தார். வலுவான வாதம்தான், ஒற்றைக் கைக்குக் 'கவை' பொருந்தாது. ஆனால் நாம் பேசும் பழைய பாணி வண்டிகள் பெரும்பாலும் இரு கை உடையவை. ஒற்றைக் கை அமைப்புக்கு 'ஆடுபுயம்' என்று தனிச்சொல் வைத்தால் போதாதா? இதற்கு அவருடைய பதில் கிடைத்த பின் பட்டியலில் சேர்க்கலாம்.