புதுப்பிப்பு: மதுரையில் இருந்துகொண்டே பெங்களூரில் வேலை தேடுவது

போன பதிவில் ரெஸ்யூமேயில் முகவரி போடுவது பற்றி மட்டும் சொல்லியிருந்தேன். "அப்ளை பண்ணியும் அழைப்பே வரலையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நௌக்ரி (வேலை தேடும் இணையதளம்) புரொஃபைலை முதலில் பாருங்கள். எச்ஆர் ஆட்கள் ஊர், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய வேலையில் இருக்க வேண்டிய நாட்கள்) இரண்டையும் வைத்து வடிகட்டுவார்கள். விருப்ப ஊரில் பெங்களூரைச் சேருங்கள். ஆனால் இப்போதைய ஊர் மதுரை என்றே இருக்கட்டும். அதையும் பெங்களூர் என்று மாற்றிவிட்டால், "நாளைக்கே நேர்ல வாங்க" என்று கூப்பிடும்போது மாட்டிக்கொள்வீர்கள். ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழேயே "பெங்களூருக்கு மாறத் தயார், 30 நாளில் சேரலாம்" என ஒரு வரி போதும்.

நேரடி இன்டர்வியூக்களை ஒரே பயணத்தில் முடிக்கும்படி வியாழன், வெள்ளி என அடுத்தடுத்துக் கேட்டு வாங்குங்கள்.

ஆஃபர் லெட்டரில் அலுவலகம் எந்தப் பகுதி என்று பார்க்காமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐடி அலுவலகங்கள் நிறைந்த ஒயிட்ஃபீல்டும் எலக்ட்ரானிக் சிட்டியும் ஒரே ஊர் என்பது பேப்பரில்தான்; இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் அந்தப் பக்கம் உள்ள ஓசூரிலும் வீடு பார்க்கலாம்.