கலைச்சொல்: ரிஜெக்டட் டேக்-ஆஃப் – 'புறப்பாடு ரத்து' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ரிஜெக்டட் டேக்-ஆஃப் என்பது, மேலெழ ஓடத் தொடங்கிய விமானத்தை விமானி பாதி ஓட்டத்திலேயே நிறுத்துவது. அதற்கு 'புறப்பாடு ரத்து' என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. ரத்து என்று பலகையில் வந்தால் பயணி வீட்டுக்குப் போகலாம். இங்கே விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கிவிட்டது.

நிற்கும் இடத்திலேயே பழுது தெரிந்தால் எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலைப் பார்ப்பார்கள். ஏபியு (இன்ஜினைக் கிளப்பக் காற்று தரும் துணை இன்ஜின்) வேலை செய்யாவிட்டால்கூட, பட்டியல் அனுமதித்தால், தரைவண்டியிலிருந்து காற்று கொடுத்து இன்ஜினைக் கிளப்பிப் போகலாம். அந்தப் பட்டியலில் 'சி' வகைக் குறை என்றால் 10 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். இதற்கு 'பழுது ஒத்திவைப்பு' போதும், சண்டையே இல்லை.

ஓட ஆரம்பித்தபின் வேகம்தான் தீர்மானிக்கும். 80 அல்லது 100 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரை (விமான வகையைப் பொறுத்தது) சிறு எச்சரிக்கைக்கும் நிறுத்தலாம். அதற்கு மேல் தீ, இன்ஜின் செயலிழப்பு போன்ற பெரிய காரணம் வேண்டும். வி1 வேகத்தை (நிறுத்துவதா, எழுவதா என்று முடிவெடுக்கக் கடைசி வரம்பு) தாண்டினால் ஒரு இன்ஜின் போனாலும் ஏறிவிட வேண்டியதுதான். நிறுத்த மிச்சப் பாதை போதாமல் போகலாம்.

1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரில் ஒரு போயிங் 737-இன் இடது இன்ஜினிலிருந்து சிதறிய துண்டு இறக்கையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. டயர் வெடித்திருக்கும், இல்லை பறவை மோதியிருக்கும் என்று நினைத்து விமானிகள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். விமானம் எழவே இல்லை. ஆனால் தீயிலும் புகையிலும் 55 பேர் இறந்தார்கள். இதைப் போய் 'ரத்து' என்று எழுத முடியுமா?

என் பரிந்துரை: டேக்-ஆஃப் ஓட்டத்துக்கு 'எழும்போட்டம்', இதற்கு 'எழும்போட்ட முறிப்பு'. 'முறிவு' என்றால் தானாக முறிந்ததுபோல் ஆகிவிடும். இது விமானி எடுக்கும் முடிவு.

-----

> எழும்போட்ட முறிப்பு

ஐயா, 'எழும்போட்டம்' அருமை. 'முறிப்பு' என்றதும் எனக்குச் சோம்பல் முறிப்பதுதான் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும். 'எழும்போட்ட நிறுத்தம்' என்றே வைக்கலாமே? செய்தியில் "விமானி எழும்போட்டத்தை நிறுத்தினார்" என்று இயல்பாக எழுதவும் வரும்.

இன்னொன்று. அதிவேகத்தில் நிறுத்தினால் பிரேக் சூடேறி, சக்கரத்தில் உள்ள உருகுசெருகி உருகிக் காற்று இறங்கிவிடும். டயர் வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதனால் பழுது ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் உடனே மறுபடி ஓட முடியாது. பிரேக் ஆறும்வரை காத்திருக்கும் அந்த நேரத்துக்கு 'ஆறுநேரம்' என்று போடலாமா?

-----

'நிறுத்தம்' சரி, 'முறிப்பை' விட்டுவிடுகிறேன். 'ஆறுநேரம்' மட்டும் ஆறு மணி நேரம் என்று படிக்கப்படும். 'பிரேக் ஆறவிடும் நேரம்' என்று நீட்டியே எழுதுவோம்.